தம்பிக்கு குளோசபின் ஆரம்பிக்கப் போறோம். எடுத்துப் பழகினவங்க, கூட இருந்து பார்த்தவங்க சொல்லுங்க

தாமிரபரணி_அக்கா
ஞாயிறு, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு 29 வயசு. மனச்சிதைவு நோய்னு சொல்லி ஏழு வருஷம் ஆச்சு. முதல்ல ரிஸ்பெரிடோன், அப்புறம் ஒலான்சபின். ரெண்டையும் முழு டோஸ்ல மாசக்கணக்கா குடுத்தோம். நான்தான் எதிர்ல உக்காந்து தண்ணி குடுத்து முழுங்க வைப்பேன், அதனால மாத்திரை உள்ளே போகலன்னு சொல்ல வழியில்லை. ஆனாலும் குரல் நிக்கல. உத்திரத்துக்கு மேல ரெண்டு பேர் உக்காந்து தன்னைப் பத்திப் பேசுறாங்கன்னு ராத்திரி பூரா கூரையையே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருப்பான்.

போன வாரம் டாக்டர் குளோசபின் போடலாம்னு சொல்லிட்டார். ஈசிஜி, ரத்தம், சுகர், எடை, இடுப்புச் சுற்றளவு எல்லாம் எடுத்தாச்சு. இனிமே வாராவாரம் ரத்தம் எடுக்கணும்னதும் அம்மா கலங்கிட்டா. "வாராவாரம் ரத்தம் எடுத்துப் பாக்கிற அளவுக்கு அது என்ன மருந்து, அதைப் பிள்ளைக்குக் குடுக்கணுமா"ன்னு கேக்கா. டாக்டர் விளக்கினார்தான். ஆனா வெளிய அத்தனை பேர் நிக்கும்போது எவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு இருக்க முடியும்? வீட்டுல நாங்க என்னத்தைக் கவனிக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. அவன் பீடி குடிப்பான், ஒரு நாளைக்கு ஒரு கட்டு. அதையும் சொல்லிடறேன்.

நெறியாளர்
ஞாயிறு, இரவு 10.05

அனுபவத்தைத் தாராளமாக எழுதுங்கள். ஆனால் "இவ்வளவு கூட்டு, இவ்வளவு குறை" என்று டோஸ் மட்டும் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம். அதைச் சொல்ல வேண்டியது பார்க்கிற மருத்துவர்.

கோவை_அப்பா
ஞாயிறு, இரவு 10.40

முதலில் உங்கள் அம்மாவின் கேள்வி. எட்டு வருடங்களுக்கு முன்பு என் மனைவியும் இதையேதான் கேட்டாள்.

குளோசபின் எடுப்பவர்களில் மிகச் சிலருக்கு, நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை அடியோடு குறைந்துவிடும். கிருமியை எதிர்க்கிற முதல் படை அதுதான். அது இல்லாத உடம்புக்கு ஒரு சாதாரண தொண்டைப் புண்ணே உயிருக்கு ஆபத்தாகிவிடும். 1975இல் பின்லாந்தில் இப்படி 8 பேர் இறந்தார்கள். பல நாடுகள் மருந்தையே ஒதுக்கி வைத்தன. பிறகு 1988இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. வேறு எந்த மருந்துக்கும் மசியாத 268 பேரை எடுத்து, ஒரு பிரிவுக்கு குளோசபினும் இன்னொரு பிரிவுக்குப் பழைய குளோர்புரோமசினும் கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் குளோசபின் பிரிவில் நூற்றுக்கு 30 பேர் தேறினார்கள், மற்றதில் நூற்றுக்கு 4 பேர். அதனால்தான் ரத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வாராவாரம் ஊசி குத்துவதைப் பார்த்து அம்மா பயப்பட வேண்டாம். அந்தப் பரிசோதனை இருப்பதால்தான் இந்த மருந்தைத் தைரியமாகக் கொடுக்க முடிகிறது. ரெண்டு மருந்து கேட்காதவர்களுக்கு இதற்கு நிகராக இன்னொன்று இன்றுவரை வரவில்லை.

ஆபத்து அதிகம் இருப்பது முதல் 18 வாரம். எங்களுக்கு அதுவரை வாராவாரம், பிறகு மாதம் ஒரு முறை.

இப்போது பீடி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நாங்கள் ஏமாந்தது இதில்தான். மகனை வார்டில் வைத்து மூன்று வாரத்தில் 300 மி.கி.க்கு ஏற்றினார்கள். வார்டில் பீடி கிடையாது. குரல்கள் தணிந்தன, சாப்பிட்டான், எங்களோடு கேரம் ஆடினான். வீட்டுக்கு வந்து பத்து நாளில் பழையபடி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மாத்திரையைத் துப்புகிறான் என்று நினைத்து வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். என்ன அவமானம் அவனுக்கு! மறு வாரம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பீடி திரும்ப ஆரம்பித்தானா?" என்பதுதான்.

புகையிலைப் புகையில் இருக்கிற கரிப்பொருள், கல்லீரலில் குளோசபினைச் சிதைக்கும் நொதியை முடுக்கிவிடுகிறது. அதே 300 மி.கி. கொடுத்தாலும் ரத்தத்தில் நிற்கும் மருந்து பாதியாகக் கூடக் குறைந்துவிடும். திருப்பிப் பார்த்தால் அதைவிட ஆபத்து: பீடி குடித்துக்கொண்டே டோஸ் நிலைத்தவர் காய்ச்சல் வந்தோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தோ சட்டென்று பீடியை விட்டால், ஒரு வாரத்துக்குள் மருந்து ரத்தத்தில் ஏறிவிடும். தள்ளாட்டம், அடங்காத தூக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம். எனவே தம்பி பீடியை விடப்போகிறான் என்றால் விடுவதற்கு முன்பே மருத்துவருக்குச் சொல்லுங்கள். நிகோடின் கம் இதற்கு ஈடாகாது, வேலையைச் செய்வது நிகோடின் இல்லை, புகைதான்.

சீட்டு_பார்ப்பவன்
திங்கள், காலை 7.15

தஞ்சாவூர்ப் பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். பார்மசி படித்தவன்.

அக்கா, லேப் ரிப்போர்ட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மொத்த வெள்ளை அணு எண்ணிக்கையை மட்டும் பார்த்து "நார்மல்" என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை. சில லேப்பில் அதைத் தனியாகப் போட மாட்டார்கள், நாமே கணக்குப் போட வேண்டும். மொத்தம் 6,200, நியூட்ரோஃபில் 58 சதவீதம் என்றால் 6,200 x 0.58 = 3,596. கவலை இல்லை. அது 1,500க்குக் கீழே வந்தால் அன்றைக்கே மருத்துவருக்குத் தெரிய வேண்டும். 1,000க்குக் கீழே போனால் பொதுவாக மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

அடுத்தது, மாத்திரை விட்டுப்போவது. மற்ற மாத்திரை மாதிரி "நாலு நாள் ஊருக்குப் போனேன், வந்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன்" என்பது குளோசபினில் நடக்காது. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் உடம்புக்கு அந்தப் பழக்கம் போய்விடும். பழைய 300ஐ அப்படியே போட்டால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழலாம், இதயத் துடிப்பே தடுமாறலாம். திரும்ப 12.5 மி.கி.யிலிருந்து, அதாவது 25 மி.கி. மாத்திரையில் பாதியிலிருந்து, மருத்துவர் மேற்பார்வையில் ஏற்ற வேண்டும். என் கடைக்கு ஒரு அம்மா சனிக்கிழமை சாயங்காலம் கடைசி மாத்திரையின் வெற்று அட்டையோடு வந்தார். ஸ்டாக் இல்லை. மூணு கடை அலைந்து வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எல்லாருக்கும் சொல்வது: பத்து நாள் மாத்திரை கையில் இருக்கும்போதே அடுத்த சீட்டைக் கொண்டு வாருங்கள். பொங்கல், தீபாவளி வாரத்தில் இன்னும் முன்னதாகவே.

இன்னொன்று. பழைய சீட்டில் கை நடுக்கத்துக்கு என்று டிரைஹெக்ஸிஃபெனிடில் எழுதியிருப்பார்கள். குளோசபினில் அந்த மாதிரி நடுக்கம், விறைப்பு ரொம்பக் குறைவு. ஆனால் வீட்டில் மிச்ச அட்டை இருக்கிறதே என்று பழக்கத்தில் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அது மலச்சிக்கலை இரட்டிப்பாக்கும். வேண்டுமா வேண்டாமா என்று கட்டாயம் கேளுங்கள். சளி, காய்ச்சல் என்று வேறு டாக்டரிடம் போனாலும் குளோசபின் சீட்டைக் கையில் எடுத்துப் போங்கள். எல்லாரும் சர்வசாதாரணமாக வாங்கும் சிப்ரோஃப்ளாக்ஸாசின் கூட குளோசபினை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

செவிலி_மாலைநேரம்
திங்கள், மதியம் 2.30

எல்லாரும் ரத்தம் ரத்தம் என்று பேசுகிறீர்கள். நான் வயிற்றைப் பற்றிப் பேச வந்தேன், ஏனென்றால் வார்டில் என் கண் முன்னே ஒருவரைக் காப்பாற்ற முடியாமல் போனது அதில்தான்.

குளோசபின் குடலின் அசைவையே மெதுவாக்கும். ரத்தத்தைக் கண்காணிக்கிற இடங்களில் வெள்ளை அணு குறைந்து இறப்பவர்களைவிட, குடல் அடைத்து இறப்பவர்களே அதிகம். ரத்தத்துக்கு நாள் குறித்து, ஊசி குத்தி, காகிதத்தில் எண் வருகிறது. வயிற்றைக் கேட்பார் இல்லை. நோயாளியும் சொல்ல மாட்டார். சிலருக்கு வலியே மழுங்கிப்போயிருக்கும், சிலருக்குச் சொல்லக் கூச்சம். இளவட்டப் பையனிடம் அக்கா போய் "வெளிக்குப் போனியா" என்று தினமும் கேட்பது இருவருக்குமே சங்கடம்தான். அதற்கு ஒரு வழி: காலண்டரைக் கழிவறைக் கதவுக்கு உள்பக்கம் மாட்டி, ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். போனால் ஒரு கோடு. கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. இரண்டு நாள் கோடு விழவில்லையென்றால் அப்போது பேசினால் போதும்.

மலமிளக்கியை மலச்சிக்கல் வந்த பிறகு இல்லை, குளோசபின் ஆரம்பிக்கும்போதே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் எல்லாரும் இசப்கோல் கொடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே அசையாத குடலில், தண்ணீர் போதாமல் அது ஊறி உப்பினால் அடைப்பு மோசமாகத்தான் ஆகும். எது கொடுப்பது என்று மருத்துவர் சொல்லட்டும். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, தண்ணீர், நடை எல்லாம் நல்லது, ஆனால் அவை மருந்துக்குப் பதிலாகாது.

வயிறு உப்பி இறுகுவது, வாந்தி, கடும் வலி, நாலு நாளாக ஒன்றும் போகவில்லை: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். "குளோசபின் எடுக்கிறார்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இதோடு முதல் இரண்டு மாதம் நெஞ்சையும் கவனியுங்கள். சிலருக்கு இதயத் தசை வீங்கும். மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, சும்மா இருக்கும்போதே படபடப்பு, காரணம் புரியாத காய்ச்சல் வந்தால் அன்றைக்கே காட்டுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு நிற்கச் சொல்லுங்கள், தலை சுற்றும்.

அச்சக_மூலை
திங்கள், இரவு 11.20

நான் எடுப்பவன். ஆறு வருடம் ஆகிறது. ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். எடுப்பவன் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்று தோன்றியது.

முதலில் எச்சில். யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டாம் வாரம் விடிகாலையில் எழுந்தால் தலையணை நனைந்து கழுத்து வரை ஈரம். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து உறையை நானே ரகசியமாகத் துவைத்தேன். தம்பிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "எச்சில் வடியும், இது மருந்தால், நிறையப் பேருக்கு வருவது" என்று. தலையணைக்கு மேல் ஒரு கெட்டித் துண்டு, ஒருக்களித்துப் படுப்பது, இது எனக்குப் போதுமானது. அதிகம் என்றால் அதற்கும் மருந்து உண்டு, ஆனால் அவற்றில் சில மலச்சிக்கலைக் கூட்டும் என்பதால் கேட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும்.

தூக்கம். முதல் மாதங்களில் காலை பத்து மணி வரை எழ முடியாது. "சோம்பேறி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் மருத்துவர் பெரும் பகுதியை இரவுக்கு மாற்றினார், போகப் போகத் தெளிந்தது.

பசி. இதற்கு வேறு சொல் இல்லை, அகோரப் பசி. முதல் வருடம் 11 கிலோ ஏறினேன். எடையும் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் சர்க்கரை என்பதால் மூன்றாம் மாதமே பார்த்து, மெட்ஃபார்மின் சேர்த்தார்கள்.

குளோசபினுக்கு முன்பு நான் எடுத்த ஒரு மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹாலோபெரிடால். அது உள்ளே போனதும் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கால் இரண்டும் தானாக நடக்கச் சொல்லும். சாப்பாட்டின் நடுவில் எழுந்து கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். வீட்டில் நோய் முற்றுகிறது என்று நினைத்தார்கள், டோஸைக் கூட்டச் சொன்னார்கள், கூட்டினார்கள், இன்னும் மோசமாயிற்று. அது பக்கவிளைவு என்று ஒரு பயிற்சி மருத்துவர்தான் கண்டுபிடித்தார். "மனசு பதறுகிறதா, கால் பதறுகிறதா?" என்று அவர் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக இன்றும் அவரை நினைக்கிறேன். எந்த மனநல மருந்தானாலும் எடுப்பவரிடம் இதைக் கேளுங்கள்.

தாமிரபரணி_அக்கா, உங்கள் தம்பியிடம் யாராவது இந்த மருந்தைப் பற்றி இவ்வளவு பேசினார்களா?

தாமிரபரணி_அக்கா
செவ்வாய், காலை 6.10

இல்லை. உண்மையைச் சொல்றேன், இல்லை. எங்ககிட்டதான் எல்லாரும் பேசினாங்க. நாங்க வீட்டுக்கு வந்து "இது புது மாத்திரை, போட்டுக்கோ"ன்னு சொல்லலாம்னு இருந்தோம். இன்னிக்கு அவன் எந்திரிச்சதும் உங்க பதிவை முழுசா வாசிச்சுக் காட்டப் போறேன்.

மல்லிகை_சேலம்
செவ்வாய், காலை 10.45

நான் இதுவரைக்கும் எழுதினதில்லை, வாசிப்பேன். என் பொண்ணுக்கு 24 வயசு. தனக்கு நோயே இல்லைங்கிறா, மாத்திரையைக் கண்ணால பார்க்க மாட்டா. ரெண்டு வருஷமா ரிஸ்பெரிடோன் சொட்டு மருந்தை ரசத்துலயும் மோருலயும் கலந்துதான் குடுக்கிறேன். தப்புன்னு சொல்லுவீங்க. ஒரு தடவை ராத்திரி ரெண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல தேடி அலைஞ்ச அம்மாவுக்குத்தான் தெரியும். இப்ப அது போதலை. குளோசபினையும் பொடி பண்ணி இப்படிக் குடுக்கலாமா?

கோவை_அப்பா
செவ்வாய், காலை 11.30

தப்பு என்று நான் சொல்ல மாட்டேன் அம்மா. நானும் மூன்று மாதம் செய்தேன். ஆனால் குளோசபினை மட்டும் இப்படிக் கொடுக்கவே கூடாது. அவளுக்குத் தெரியாமல் வாராவாரம் ரத்தம் எடுக்க முடியுமா? பாதி மோரை வைத்துவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்? இரண்டு நாள் தோழி வீட்டில் தங்கிவிட்டு வந்தால், திரும்ப எத்தனை மி.கி. கலப்பீர்கள்? அவளுக்குத் தொண்டை வலித்தால் அது மருந்தால் இருக்குமோ என்று அவளுக்கே தோன்றாதே.

சீட்டு_பார்ப்பவன்
செவ்வாய், மதியம் 12.15

ரிஸ்பெரிடோன் சொட்டு மருந்தை டீயிலும் கோலாவிலும் கலந்தால் சரிவராது என்று அதன் கூடவே வரும் தாளிலேயே போட்டிருக்கும். அந்தத் தாளைப் படிக்க வேண்டிய ஆளுக்கே மருந்து தெரியாது என்பதுதான் இதில் சிக்கல். மருத்துவரிடம் மாதம் ஒரு ஊசியைப் பற்றிக் கேளுங்கள். தினமும் மாத்திரைக்குப் போராட்டம் இருக்கிற வீடுகளில் அது பெரிய விடுதலை. ஆனால் அதற்கும் அவள் கை நீட்ட வேண்டும்.

அச்சக_மூலை
செவ்வாய், இரவு 9.00

மல்லிகை அம்மா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். எனக்கு அப்போது சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்ற எண்ணம் இருந்தது. நோய்தான். ஒரு நாள் காப்பி டம்ளரின் அடியில் வெள்ளையாய்ப் பொடி ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், கசந்தது. எல்லாரும் பொய் என்று சொன்ன ஒன்று என் கையில் நிஜமாக இருந்தது. அதற்குப் பிறகு ஐந்து மாதம் எங்கள் வீட்டில் நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. டீக்கடை பன், வாழைப்பழம், மூடி திறக்காத தண்ணீர் பாட்டில். அம்மா வாசலில் நின்று அழுவாள்.

மாறியது எப்படியென்றால், என் அக்கா நோயைப் பற்றிப் பேசுவதை விட்டாள். "குரல் இருக்கா இல்லையான்னு நான் கேக்கல. நீ தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றாள். தூக்கம் எனக்கும் வேண்டியிருந்தது. தூங்குவதற்காகத்தான் முதல் மாத்திரையை நானே அட்டையிலிருந்து பிரித்து எடுத்தேன். உங்கள் பெண்ணுக்கும் அவளுக்கே தொல்லையாக இருக்கிற ஏதாவது ஒன்று இருக்கும். அங்கிருந்து தொடங்கிப் பாருங்கள்.

நன்றாக இருக்கும்போதே, மறுபடி நோய் முற்றி முடிவெடுக்க முடியாமல் போனால் என்ன சிகிச்சை வேண்டும், என்ன வேண்டாம், எனக்காக யார் பேச வேண்டும் என்று எழுதி வைக்க 2017ஆம் வருட மனநலச் சட்டம் இடம் தருகிறது. நான் அக்காவை எழுதியிருக்கிறேன்.

செவிலி_மாலைநேரம்
செவ்வாய், இரவு 10.10

மல்லிகை அம்மா, கலப்பதை நாளைக்கே நிறுத்திவிட வேண்டாம், திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும். மருத்துவரிடம் இருப்பதை இருக்கிறபடியே சொல்லுங்கள், அவர்கள் இதைக் கேட்டுப் பழகியவர்கள். மனசு தாங்காத ராத்திரியில் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

மல்லிகை_சேலம்
புதன், காலை 5.30

அச்சக மூலை தம்பி, ராத்திரி பூரா உங்க பதிவையே திரும்பத் திரும்ப வாசிச்சேன். அவளுக்குக் காதுக்குள்ள இரைச்சல்னு சொல்லுவா. அதைப் பத்திக் கேட்டுப் பாக்கறேன்.

தாமிரபரணி_அக்கா
ஒன்பது வாரம் கழித்து, சனி, இரவு 8.40

இழையை மேல கொண்டு வர்றதுக்கு மன்னிக்கணும். சொல்லியே ஆகணும்.

அன்னைக்கு அவன்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். எச்சில் பகுதி வந்ததும், "அந்த அண்ணன் இப்ப வேலைக்குப் போறாரா?"ன்னு மட்டும் கேட்டான். பீடியைப் பத்தி டாக்டர்கிட்ட அவனே சொன்னான். இப்போதைக்கு நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம், எப்ப விடறதா இருந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லிட்டு விடுன்னார். காலண்டரும் பென்சிலும் கதவுல தொங்குது.

ஏழாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை தொண்டை வலி, 101 டிகிரி காய்ச்சல். அம்மா கஷாயம் வைக்கப் போனா. நான் அவனைக் கூட்டிக்கிட்டு லேப்புக்குப் போயிட்டேன். ரிப்போர்ட்ல மொத்தம் 4,100. எதுக்கும் கீழே கோடு போடல, எல்லாம் நார்மல்னு குடுத்துட்டாங்க. நியூட்ரோஃபில் 34. வாசல்ல நின்னே போன்ல பெருக்கிப் பாத்தேன். 1,394. கை நடுங்கிடுச்சு. டாக்டருக்குப் போன் அடிச்சேன். உடனே வரச் சொல்லி, ஈசிஜியும் இதயத்துக்கான ரத்த டெஸ்டும் எடுத்தாங்க, அதெல்லாம் சரியா இருந்துச்சு. டோஸை ஏத்தாம அப்படியே வச்சு, வாரத்துக்கு மூணு தடவை ரத்தம் பாத்தாங்க. அடுத்தது 1,880, அதுக்கடுத்தது 2,460. காய்ச்சலும் விட்டுடுச்சு. திரும்ப மெதுவா ஏத்துறாங்க.

குரல் முழுசா நிக்கல. "பேசுறாங்க, ஆனா தூரத்துல பேசுறாங்க, எனக்கு அவங்களைக் கேக்க நேரமில்ல"ங்கிறான். நேத்து ராத்திரி கூரையைப் பாக்காம, சுவர்ப் பக்கமாத் திரும்பிப் படுத்துத் தூங்கினான். தலைக்கு அடியில துண்டு. நானும் அம்மாவும் வாசல்படியில உக்காந்து ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தோம்.

ஒரு கேள்வி. அடுத்த மாசம் சொந்தத்துல கல்யாணம், ராமேஸ்வரத்துல, மூணு நாள். திங்கக்கிழமை ரத்த டெஸ்டை அங்கேயே எடுக்கலாமா, இல்ல முன்னாடியே எடுத்துட்டுப் போகணுமா?

சீட்டு_பார்ப்பவன்
சனி, இரவு 9.05

முன்னாடியே, கிளம்புவதற்கு முதல் நாள் எடுத்துவிடுங்கள், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. மாத்திரையை இரண்டு பங்காகப் பிரித்து ஒன்று உங்கள் கைப்பையில், ஒன்று தம்பியின் சட்டைப் பையில். பெட்டியில் வைத்து பஸ் மேலே ஏற்றிவிடாதீர்கள்.